"கவனம் போதாது" என்று எழுதுவதற்கு முன்

தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கைகள் வீடுகளுக்குப் போகிற நேரம் இது. ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எனக்கு அதில் வரும் 'கவனம் போதாது', 'முயற்சி போதாது' என்ற வரிகளைக் கண்டாலே மனம் கொதிக்கும். அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளில் சிலர், வகுப்பிலேயே மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாடுபடுகிறவர்கள். அவர்களுக்கு இருப்பது கற்றல் இடர்பாடு: அறிவு குறைவில்லாமலே வாசிப்போ எழுத்தோ கணக்கோ ஏறாமல் நிற்பது.

என்னிடம் படிக்கிற ஒரு பொடியன், மீன்பிடிக் குடும்பம். சூடைக்கு எந்த வலை, பாரைக்கு எந்த வலை என்று கேட்டால் நிறுத்தாமல் சொல்வான். சொல்வதெழுதலில் 'தோணி' என்றால் 'தேணி' என்று எழுதுவான். 'கோழி' அவனுக்குக் 'கேழி'. காதுக்கு முதலில் கேட்பது 'த்'. கையோ முதலில் இரட்டைக் கொம்பை (ே) போட வேண்டும், பிறகு த, பிறகு அரவு (ா). ஒரே ஓசை எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 247 எழுத்தில் இப்படி எத்தனை! மற்றப் பிள்ளைகளுக்கு இது கொஞ்ச நாளில் பழகிவிடும். இவனுக்குப் பழகவில்லை. அவனுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

சில பிள்ளைகளிடம் பிழையே தெரியாது. எழுத்துக்கூட்டிச் சரியாக வாசிப்பார்கள், ஆனால் வசனம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டின்படி பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் ஏதோ ஒன்றில் இந்தக் கற்றல் இடர்பாடு இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இரண்டு பேர்.

எங்கள் ஊரில் இன்னொன்றையும் பேச வேண்டும். இந்த இடர்பாடு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. "நானும் இப்படித்தான் ரீச்சர், இடம்பெயர்ந்து திரிந்ததில் படிப்பு ஏறவில்லை" என்று சொல்கிற தகப்பன்மார் இருக்கிறார்கள். 2004 சுனாமி, 2006 இல் யுத்தத்தால் திருகோணமலை மாவட்டத்து மூதூரிலிருந்து வெளியேறியது, எல்லாம் உண்மை. பள்ளிக்கூடம் இழந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அதே முகாமில் இருந்த அவருடைய தங்கைக்கு வாசிப்பு வந்திருக்கிறதே? அந்தத் தகப்பனுக்கும் இதே இடர்பாடு இருந்து, யுத்தம் அதை மூடி மறைத்திருக்கலாம். "அப்பாவும் இப்படித்தான்" என்ற பேச்சை ஆறுதலாக எடுத்துக்கொண்டு விடாதீர்கள், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று இன்னொரு டியூசனில் சேர்ப்பது இதற்கு வழியில்லை. பலிக்காத முறையையே பின்னேரமும் திருப்பிச் செய்வதால் பிள்ளை களைத்துப் போவதுதான் மிச்சம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அப்புறம் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். இதற்கு மருந்து இல்லை, படிப்பிக்கும் முறைதான் மாற வேண்டும். ஓசையை வாயால் சொல்லி, எழுத்தை விரலால் வரைந்து, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை ஒரு நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளை எழுப்பிவிட்டு வகுப்பு முன்னால் வாசிக்கச் சொல்லாதீர்கள். விடையை வாய்மொழியாகச் சொல்ல விடுங்கள். எழுத்துப் பிழைக்காக விஞ்ஞானப் புள்ளியை வெட்டாதீர்கள்.

பெற்றோர் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மறைப்பது எனக்கு விளங்குகிறது, பெண்பிள்ளை என்றால் அந்தப் பயம் இரட்டிப்பு. ஆனால் மறைத்தால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் போன்ற வசதிகளைக் கொடுக்கிறது. அதற்கு மருத்துவ அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரத்துக்குச் சில மாதம் இருக்கும்போது ஓடித் திரிந்தால் காலம் போதாது. உங்கள் பிள்ளை இப்போது இரண்டாம், மூன்றாம் தரத்தில் இருந்தால், தமிழ்க் கொப்பியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.