தண்டையல் இல்லாமல் படகு எடுக்காதீர்கள்

நேற்றிரவு மனைவியின் தம்பி அழைத்தார். "அத்தான், பெப்ரவரியில் கரீபியனில் உள்ள பிரிட்டிஷ் வேர்ஜின் தீவுகளுக்குப் போகிறோம். நான்கு அறையுள்ள இயந்திரப் படகு ஒன்றை ஏழு நாளுக்குப் பேசியிருக்கிறேன். ஸ்கிப்பருக்கு, அதுதான் படகை நடத்தும் தண்டையலுக்கு, தனியாகக் காசு கேட்கிறார்கள். தேவையில்லை, நானே ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே கடல் குளம் மாதிரித்தானாம்" என்றார். அதன்பின் ஒரு மணி நேரம் நான்தான் கதைத்தேன். அவர் கோபித்துக்கொண்டாரோ தெரியவில்லை. ஆனாலும் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ரொறன்ரோவில் நம்மவர் பலர் இந்தக் குளிர்காலத்துக்கு இதே திட்டத்தோடு இருக்கிறார்கள்.

அந்தத் தீவுகளுக்கு நான் இரண்டு முறை படகெடுத்துப் போயிருக்கிறேன். 2019இல் படகை மட்டும் எடுத்தோம். 2023இல் படகோடு ஆளையும் எடுத்தோம். அதே கடல், ஏறத்தாழ அதே அளவுப் படகு, அதே மூன்று குடும்பங்கள். முதல் பயணத்தின் ஓர் இரவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

குளம் மாதிரி என்பது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது ஆபத்தான பேச்சு. முதன்மைத் தீவான டோர்ட்டோலாவுக்குத் தெற்கே சேர் பிரான்சிஸ் டிரேக் நீரிணை. அதன் மறுகரையில் நோர்மன், பீற்றர், சோல்ட், கூப்பர் என்று தீவுகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கு முனையில் வேர்ஜின் கோர்டா. பெருங்கடல் அலையை இவை மதில் போல் மறிக்கின்றன. கடல் வற்றுவதும் பெருகுவதும் அரை மீற்றரைத் தாண்டாது. ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். வரைபடமே தேவையில்லை என்று தோன்றும். இணையத்தில் பரீட்சை எழுதிக் கனடாவின் படகோட்டும் அட்டையை எடுத்து, சிம்கோ ஏரியில் நான்கு கோடைகாலம் சிறு படகு ஓட்டியிருந்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாடகைக்குத் தந்தவர்கள் என் அனுபவத்தை ஒரு படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள், ஒரு மணி நேரம் விளக்கம் தந்தார்கள், சாவியைக் கையில் வைத்தார்கள்.

இயந்திரப் படகு எடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. பாய்மரக்காரர்கள் அதைச் சற்றுக் கீழாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் மதிப்புத் தருவதில்லை. முதியவர்களும் சிறுபிள்ளைகளும் வரும் குடும்பத்துக்கு, காற்றில் சாய்ந்து ஓடாத, அகன்ற தளமுள்ள படகு பெரிய ஆறுதல். நம் கட்டுமரத்திடம் பெயரைக் கடன் வாங்கிய இரட்டை உடல் படகு அது. தூங்கும்போதும் சமைக்கும்போதும் அதிகம் ஆடுவதில்லை. என் மாமியாருக்கு அப்போது 71 வயது. ஏழு நாளும் அவர் அடுப்படியில் நின்று சொதி வைத்தார்.

ஆனால் இயந்திரம் ஆசையைக் கிளப்பிவிடுகிறது. மணிக்கு 18 கடல் மைல் ஓட முடியும் என்றால் கை தானாக அந்த வேகத்துக்கே போகிறது. நாங்கள் ஏழு நாளுக்கு ஒன்பது தீவு எழுதி வைத்திருந்தோம். இத்தனைக்கும் தலைநகரான ரோட் டவுனிலிருந்து நோர்மன் தீவு ஏழு கடல் மைல் அளவுதான். மெதுவாக எட்டு மைல் வேகத்தில் போனாலே ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். விரட்டி ஓட்டி மிச்சப்படுத்துவது அரை மணி நேரம். எரிபொருளோ பல மடங்கு போகிறது. மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூடத் தன் முன்னால் தானே எழுப்பும் அலை மீது ஏறுவதற்காக டீசலைக் குடிக்கிறது. இதை விளக்கத்தின்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசி நாள் தொட்டியை நிரப்பியபோது வந்த பில்லை மூன்று குடும்பத் தலைவர்களும் மாறி மாறி வாசித்தோம்.

பணம் போனால் போகட்டும். அந்த இரவுக்கு வருகிறேன்.

நோர்மன் தீவின் பெரிய விரிகுடாவுக்குப் பிற்பகல் நான்கரை மணிக்குப் போனோம். படகு கட்டும் மிதவைகள் எல்லாவற்றிலும் ஆள் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் முந்தி வந்தவருக்கே மிதவை என்பது அங்குள்ள வழக்கம். வரிசைக்கு வெளியே, மேற்குப் பக்கமாக, 12 மீற்றர் ஆழத்தில் நங்கூரம் போட்டேன். சங்கிலி 30 மீற்றர் விட்டேன். ஏரியில் அவ்வளவு விட்டால் தாராளம். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விடவேண்டும், தண்ணீரிலிருந்து படகின் முன்முனையான அணியம் நிற்கும் உயரத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளவேண்டும் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது அந்த மாலை நேரக் களைப்பில் கைக்கு வரவில்லை.

அங்கே குளிர்காலம் முழுவதும் கிழக்கிலிருந்து காற்று. ஊரில் கொண்டல் என்போமே, அந்தத் திசை. மணிக்கு 15 முதல் 20 கடல் மைல் என்பது சாதாரண நாள். டிசம்பர், ஜனவரியில் அதற்கும் மேலே ஏறி நாட்கணக்கில் நிற்கும். கிறிஸ்மஸ் காற்று என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மழையோடு ஒரு வீச்சு மலையிலிருந்து இறங்கியது. இயந்திரப் படகுக்கு உயர்ந்த மேல்தளம், ஆழமில்லாத அடி. காற்று அதைப் பாய் போலப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டும். நங்கூரம் பெயர்ந்துவிட்டது. நான் விழித்தபோது பின்னால் நின்ற படகின் விளக்கு எங்கள் சன்னல் அளவுக்கு வந்திருந்தது. மேலே ஓடி இரண்டு இயந்திரங்களையும் முடுக்கினேன். அண்ணை அணியத்தில் மழைக்குள் படுத்திருந்து சங்கிலியை இழுத்தார். பின்னால் கட்டியிருந்த சிறு படகின் கயிறு தளர்ந்து, இயந்திரம் தண்ணீருக்கடியில் சுற்றும் சுழலிப் பக்கம் போவதை நான் காணவில்லை. என் மகள் கண்டாள். அப்போது அவளுக்கு 14 வயது. அவள் கத்தியிராவிட்டால் கயிறு சுற்றி ஒரு இயந்திரம் நின்றிருக்கும். அந்த நேரத்தில் அது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை. விடியும்வரை யாரும் தூங்கவில்லை.

2023இல் வந்த ஸ்கிப்பர் டோர்ட்டோலாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை மனத்துக்குள் தண்டையல் என்றுதான் அழைத்தேன். என் அம்மப்பா வல்வெட்டித்துறைத் தோணியில் தண்டையலாக இருந்தவர். 1938இல் அன்னபூரணி என்ற வல்வைக் கப்பல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன், தண்டையல் இல்லாமல் கடலுக்குப் போகலாம் என்று 2019இல் எப்படி நினைத்தேன் என்பதே எனக்கு இன்றும் விளங்கவில்லை.

முதல் நாள் அவர் எங்கள் பட்டியலைப் பார்த்தார். ஒன்பது தீவை ஐந்தாக்கினார். "காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம், பகல் ஒன்றரைக்குக் கட்டிவிடுவோம். மிச்ச நேரம் எல்லாம் உங்களுக்கு" என்றார். வேர்ஜின் கோர்டாவின் 'பாத்ஸ்' கடற்கரைக்கு, அந்த வீடளவு கருங்கல் பாறைகளுக்கு நடுவே கடல்நீர் தேங்கும் இடத்துக்கு, எட்டு மணிக்குள் கொண்டுபோனார். தேசியப் பூங்காவின் மிதவையில் 90 நிமிடம்தான் நிற்கலாம். சிறு படகைக் கரையில் ஏற்றக்கூடாது, கயிற்றில் கட்டிவிட்டு நீந்திப் போகவேண்டும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. வடக்கே அத்திலாந்திக்கில் எங்கோ அடித்த புயலின் அலை, வானம் வெளுத்திருக்கும் நாளில் இங்கே வந்து பாறையில் மோதும். அன்று கொடி இல்லை. ஆனாலும் அவர் கால் மணி நேரம் அலையை எண்ணிப் பார்த்த பிறகுதான் மாமியாரை இறங்கவிட்டார். எங்களிடம் நல்ல நீச்சல் சட்டை இருந்தது. அலையை எண்ணும் கண் இல்லை.

சிறு படகின் இயந்திரத்தை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று உண்டு. ஓட்டுபவர் அதைக் கையில் மாட்டிக்கொண்டால், தவறி விழும்போது கயிறு பிடுங்கப்பட்டு இயந்திரம் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமிட்டுத் திரும்பி, விழுந்தவர் மேலேயே வரும். என் மகனிடம் அவர் இதை மூன்று முறை சொன்னார். நான்காவது முறை அவன் மாட்டாமல் ஏறியபோது, அன்று முழுவதும் அவனுக்குப் படகு தரவில்லை. நான் தகப்பன். அந்தக் கண்டிப்பு எனக்கு 2019இல் இருக்கவில்லை.

சோல்ட் தீவருகே படகை நிறுத்தி அவர் ரோன் கப்பலின் கதையைச் சொன்னார். 1867 அக்டோபர் 29. பிரிட்டிஷ் அஞ்சல் கப்பல். புயற்காலம் முடிந்தது என்று தலைவன் நம்பியிருந்தான். பீற்றர் தீவில் நங்கூரமிட்டிருந்த கப்பல், புயலின் முதல் பாதி ஓய்ந்ததும் திறந்த கடலுக்குத் தப்பி ஓடப் பார்த்தது. காற்று திசை மாறி சோல்ட் தீவின் பாறையில் கொண்டுபோய் அறைந்தது. கொதிகலன் வெடித்து இரண்டாக உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது அந்தச் சிதைவின் மேலே மூச்சுக்குழாய் வைத்து நீந்தலாம். பிள்ளைகள் நீந்தினார்கள். அண்ணையும் நானும் தளத்திலேயே இருந்தோம். நங்கூரம் பிடிக்காத இரவை இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

வடக்கே தனியாகக் கிடக்கும் அனேகடா தீவைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எழுதலாம். மற்றவை எரிமலை கிளப்பிய மலைத் தீவுகள். இது பவளச் சுண்ணாம்புத் தட்டு. மிக உயர்ந்த இடமே ஒன்பது மீற்றருக்கும் குறைவு. மூழ்கியது என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்தான் பெயர். கிட்டப் போகும்வரை தீவே தெரியாது. முதலில் கடலின் மீது மரங்கள் முளைத்தது போலத் தெரியும். அதைச் சுற்றி 29 கிலோமீற்றர் நீளமான குதிரைலாடப் பார் என்னும் பவளத்திட்டு, நூற்றுக்கணக்கான கப்பல்களைத் தின்றது. ஸ்கிப்பர் இல்லாமல் போகச் சில வாடகை நிறுவனங்கள் அனுமதிப்பதே இல்லை. குறித்த நாளில் எங்கள் தண்டையல் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்று வேண்டாம்" என்றார். வெயில் எரித்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. மறுநாள் பத்து மணிக்குப் புறப்பட்டு, வெயில் முதுகுப் பக்கம் உயர்ந்து நிற்க, தண்ணீரின் நிறத்தைக் காட்டிக்கொண்டே போனார்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பார். முகில் மறைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடுமாம். முந்தைய நாள் அவர் கண்டது வடகிழக்கில் திரண்ட அந்த முகில். சிவப்பு மிதவையை வலப்பக்கம் விட்டு உள்ளே நுழைந்தோம். இலங்கையிலும் இந்தியாவிலும் அது இடப்பக்கம். ஊரில் படகோட்டிப் பழகியவர்கள் கவனிக்க.

"மூன்றாவது மனிதர் இருந்தால் நாம் சுதந்திரமாக இருக்க முடியாதே, ஓர் அறையும் போய்விடுமே" என்று மைத்துனர் கேட்டார். உண்மைதான். அறை போகும். பிள்ளைகளை ஒன்றாகப் படுக்க வையுங்கள். அவர் சாப்பாடும் உங்கள் கணக்கில்தான். எங்கள் தண்டையல் யாழ்ப்பாணத் தூள் போட்ட மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரோட் டவுனில் ரொட்டிக்குள் கறி வைத்து விற்கிறார்களே, அதைவிட உறைப்பு என்றார். நாள் கூலியை மூன்று குடும்பமாகப் பிரித்தபோது, முந்தைய பயணத்தில் வேகமாக ஓட்டி எரித்த டீசலுக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2017 செப்டம்பர் 6இல் இர்மா அந்தத் தீவுகள் மீது ஐந்தாம் வகைப் புயலாக ஏறியது. பாதுகாப்புக்கென்று பரக்கீற்றா விரிகுடாவில் கட்டிவைத்த வாடகைப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தண்டையலின் வீட்டுக் கூரை போனது. குடும்பத்தோடு குளியலறைக்குள் ஒதுங்கியிருந்ததாகச் சொன்னார். படகுகள் காப்புறுதியில் புதிதாக வந்துவிட்டன. படகுக்கு நாம் கொடுக்கும் வாடகையில் எவ்வளவு அந்தத் தீவில் தங்குகிறது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தண்டையலின் கையில் கொடுக்கும் கூலி அங்கேயே அரிசியாகிறது, கூரையாகிறது. அவருடைய கடலில் விளையாடப் போகிறோம், அவரைக் கரையில் நிறுத்திவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மைத்துனர் இன்று காலை ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தண்டையலின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல், பெப்ரவரியின் இரண்டாம் வாரத்துக்கு நாங்கள் அவரை ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறோம். படகு இன்னும் எடுக்கவில்லை. எந்தப் படகு என்பதை அவரே பார்த்துச் சொல்வார்.