கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கும் என்று அறிவித்த நாளிலிருந்து என் முகநூல் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 2010இல் இதே போட்டி டெல்லியில் நடந்தபோது எழுந்த ஊழலை எடுத்துப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், அதே டெல்லியில் நாம் 101 பதக்கம் வாங்கியதை எடுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் நடந்ததுதான். டெல்லியைப் பற்றிச் சொல்ல எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய போட்டி நடந்தது, நாடுகளின் அணிகள் மோதும் 2022 செஸ் ஒலிம்பியாட். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த ஜூலை மாதம் முழுக்க எங்கு போனாலும் இதே பேச்சுதான். ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. உக்ரைன் மீது போர் தொடுத்ததால் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் சென்னை என்று முடிவானது, ஆட்டங்கள் மாமல்லபுரம் பூஞ்சேரியில், ஜூலை 28இல் தொடக்க விழா. நான்கே மாதம். 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அறை, சாப்பாடு, பேருந்து, மருத்துவம் எல்லாம் நான்கு மாதத்தில் ஏற்பாடு செய்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த வேலை பார்த்த அலுவலர்களையும் தொழிலாளர்களையும் யாரும் போதுமான அளவுக்குப் பாராட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஊரில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். மாமல்லபுரத்தில் கல்சிற்பக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு முதலில் பயம்தான் வந்தது. 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது சில நாள் கடை திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். "மறுபடியும் ஷட்டரை இறக்கச் சொல்லுவாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக் கோயில் பக்கம் வந்து சின்னச் சின்ன யானைச் சிலைகளை வாங்கிப் போனபோது அவர் முகம் மாறியது. ஒரே மனிதர், ஒரே மாதத்தில் இரண்டு கருத்து. அவர் முன்னால் பயந்ததும் நியாயம், பின்னால் மகிழ்ந்ததும் நியாயம். இதை எழுதக் காரணமே அதுதான். கேள்வி கேட்கிறவரை ஊரை வெறுப்பவர் என்றும், கைதட்டுகிறவரை ஏதோ கட்சிக்காரர் என்றும் முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போட்டிக்காகச் சென்னை நேப்பியர் பாலத்துக்கு கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்ததற்கு நடந்த சண்டை நினைவிருக்கிறதா? வண்டி ஓட்டும்போது கண் கூசுகிறது என்றார்கள் சிலர். குடும்பம் குடும்பமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள் மற்றவர்கள். எனக்கு அந்தப் பாலம் பிடித்தது. போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரை, அந்தத் 'தம்பி'யையும் பிடித்தது. எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டு அட்டையெல்லாம் அதை வரைந்து வைத்திருந்தார்கள். பிடிக்காமல் போனது சுவரொட்டிச் சண்டை. விளம்பரத்தில் யார் படம் இருக்க வேண்டும், யார் படம் விட்டுப்போனது என்று நீதிமன்றம் வரை போய், குடியரசுத் தலைவர், பிரதமர் படங்களும் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த வாரத்தில் எத்தனை பேருக்கு நம் அணியில் ஆடுகிறவர்களின் பெயர் தெரிந்திருக்கும் என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

அப்புறம் பணம். அரசு 92 கோடிக்கு மேல் ஒதுக்கியது. பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு இல்லாத ஊரில் இவ்வளவு பணமா என்று கேட்டவர்கள் என் கூட வேலை பார்ப்பவர்கள்தான். எங்கள் பள்ளியிலேயே அந்த வருடம் ஒரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தக் கேள்வி தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டுமே கேள்வி என்று நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் 2013.

அந்த நவம்பரில் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன் போட்டி நடந்தது. அன்றைய அரசு அதற்கு 29 கோடி கொடுத்தது. ஆனந்த் சொந்த ஊரில் பட்டத்தை இழந்தார். "இவ்வளவு கொட்டிக் கொடுத்து நம்ம ஆளே தோத்துட்டாரே" என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன். அதே நாட்களில் பார்வையாளர் வரிசையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஆடுகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்குள்ளே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஒரு நாள் தானும் அதற்குள் உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பையன்தான் குகேஷ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அன்றைய சாம்பியன் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு அவரே இதைச் சொன்னார். அதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் வீண் என்று பேசியது, எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உடனே "பார்த்தீர்களா, போட்டி நடத்தினால் சாம்பியன் வருவான்" என்று கிளம்ப வேண்டாம். அதுவும் சரியில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற நம் இரண்டாம் அணியில் ஆடிய குகேஷும் பிரக்ஞானந்தாவும் அதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே கிராண்ட்மாஸ்டர்கள். குகேஷின் அப்பா மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே ஒதுக்கி வைத்தவர். அந்த வீடுகள் பட்ட பாட்டை ஒரு பதினைந்து நாள் விழாவின் கணக்கில் எழுதக்கூடாது. இன்னும் பின்னால் போனால் 1972இல் செஸ் வீரர் மானுவல் ஆரோன் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப். சிறுவன் ஆனந்த் போய் ஆடிப் பழகிய இடம் அது. மாலையில் போனால் பலகை இருக்கும், எதிரில் உட்கார ஆள் இருக்கும். ரஷ்யாவிடமிருந்து பறிபோன போட்டி இந்த ஊருக்கு வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த கிளப்தான் ஞாபகம் வருகிறது.

ஆக, ஒரு பிள்ளைக்கு இரண்டு வேண்டும். கண்ணாடி வரைக்கும் போய்ப் பார்க்க வழி வேண்டும். பார்த்துவிட்டு வந்த மறுநாள் போய் உட்கார ஒரு பலகை வேண்டும். பெரிய போட்டி நடத்துவது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் சொல்வேன்.

முதலாவதில் 2022 பாதி தேறியது. பள்ளிகளில் போட்டி வைத்தார்கள், உண்மையிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள். மாணவர்களுக்கும் பெண்களுக்கும் டிக்கெட் 200, 300 என்று குறைத்தது நல்ல காரியம். ஆனால் மற்றவர்களுக்கு 2000, 3000. எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அம்மா இல்லை, அப்பா பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர். மகளைக் கூட்டிப்போக அவருக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கடைசியில் அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் நான் அழைத்துப்போனேன். பூஞ்சேரி அரங்கத்தில் நம் பெண்கள் அணியின் ஹரிகா நிறைமாதக் கர்ப்பத்தோடு உட்கார்ந்து ஆடியதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது வந்து ஆடிய உக்ரைன் பெண்கள், கடைசியில் தங்கம் வாங்கியவர்கள், அவர்களையும் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் பேசவே இல்லை. ஏதும் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். இறங்கும்போது, "மிஸ், அங்க யாருமே கத்தல, ஆனா எல்லாரும் சண்டை போட்டுட்டு இருந்தாங்க" என்றாள்.

இரண்டாவதில் மனசு விட்டுப்போனது. ஆகஸ்ட் 9 நிறைவு விழா முடிந்தது. எங்கள் பள்ளிப் பலகைகள் செப்டம்பரில் பீரோவுக்குள் போயின. விசாரித்தால் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றிலும் அப்படித்தான். செஸ்ஸுக்கென்று தனியாக நேரம் இல்லை, விளையாட்டு ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை.

அதற்காக அரசு எதுவுமே தொடரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் அரசு ஆதரவோடு சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி அவசர அவசரமாக நடந்தது. மிக்ஜாம் வெள்ளம் வடிந்த கையோடு இது தேவையா என்று அப்போதும் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, வீட்டுக்குள் தண்ணீர் நின்றவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அந்தப் போட்டியை குகேஷ் வென்றார். அந்தப் புள்ளிகளால்தான் உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் கிடைத்தது, அங்கிருந்து சிங்கப்பூர். உச்சியில் இருக்கிற ஒருவரைத் தாங்கிப் பிடிக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. அடியில் இருக்கிற ஆயிரம் பேருக்கு ஒரு மேசை போட்டுக்கொடுக்கத்தான் இன்னும் வரவில்லை. 92 கோடி செலவழிக்கத் தெரிந்த ஒரு அரசுக்கு ஒன்றியத்துக்கு ஒரு அறை, ஒரு பயிற்சியாளர், வாரம் மூன்று மாலை என்பது முடியாத காரியமா? முடியும். அதைக் கேட்டு நாம் சண்டை போடவில்லை. சுவரொட்டிக்குப் போட்ட சண்டையில் பாதியை இதற்குப் போட்டிருக்கலாம்.

அகமதாபாத்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். மைதானம் கட்டுங்கள், பெருமைப்படுங்கள். யாருடைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேளுங்கள், கணக்குக் கேளுங்கள். கூடவே கேலரியில் யார் பிள்ளை உட்காரப் போகிறது, 2031இல் அந்த மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் பீரோ சாவியை அடுத்த வருடமே நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் திறக்கிறேன். பேருந்தில் பேசாமல் வந்த அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குதிரை எப்படித் தாவும் என்று சொல்லிக்கொடுப்பது அவள்தான். போன சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். இருப்பது நான்கு பலகை. ஒன்றில் கறுப்பு யானை தொலைந்துவிட்டது, பேனா மூடியை வைத்து ஆடுகிறார்கள்.