என் ஓட்டு கான்பூர் குப்பைமேட்டுக்குத்தான்

விமானப் பைத்தியம் பிடிச்ச நாலு பேரு ஒண்ணா உக்காந்தா அரை மணி நேரத்துல இந்தக் கேள்வி வந்தே தீரும், உனக்குப் புடிச்ச குண்டுவீச்சு விமானம் எதுடான்னு. போன ஞாயித்துக்கிழமை பரங்கிமலை மேல நின்னு மீனம்பாக்கத்துல இறங்குற விமானத்த வேடிக்கை பாத்துட்டு இருக்கும்போதும் வந்துச்சு. வழக்கம் போல ஒருத்தன் பிரிட்டனோட வல்கன்னான், ஒருத்தன் அமெரிக்காவோட பி-52ன்னான், இன்னொருத்தன் ரஷ்யாவோட டியு-160ஐ விட்டா உலகத்துலயே வேற அழகு இல்லைன்னான். நான் ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா செஞ்ச பி-24 லிபரேட்டர்னு சொன்னதும் மூணு பேரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே, பிரியாணிக் கடைக்குப் போயி தயிர்சாதம் கேட்டவனைப் பாக்குற மாதிரி. அங்க வெயில்ல நின்னு பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதிய இங்க எழுதிடறேன்.

முதல்ல அவனுங்க சொன்னதுக்கு நியாயம் செஞ்சுடறேன். வல்கன் அழகுதான், இல்லைங்கல. அந்த முக்கோண றெக்கையும், ஃபுல் த்ராட்டில் குடுக்கும்போது ஒலிம்பஸ் இன்ஜின் ஊளையிடற சத்தமும், யூடியூப்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டாலே கை முடி நட்டுக்கும். ஆனா அது போருக்குப் போனது 1982ல அர்ஜென்டினாகூட நடந்த ஃபாக்லாந்து சண்டை ஒண்ணுலதான். அசென்ஷன் தீவுலேர்ந்து அவ்ளோ தூரம் போயி, அந்த ஒத்த விமானத்துக்குப் பெட்ரோல் ஊத்தறதுக்குன்னே டேங்கர் விமானம் ஒரு பட்டாளமே கூடப் பறந்து, 21 குண்டு போட்டு, அதுல ஒண்ணே ஒண்ணு ஃபாக்லாந்து தலைநகர் ஸ்டான்லியோட ரன்வேல விழுந்துச்சு. சாதனைதான். ஆனா நாம ஆஹா ஓஹோங்கறது அந்த ஊளைச் சத்தத்துக்குத்தான்னு ஒத்துக்கணும்.

பி-52 முதல் தடவ பறந்தது 1952ல, என் அப்பா அப்ப பொறக்கவே இல்ல. இன்னும் அதுக்குப் புது ரோல்ஸ்ராய்ஸ் இன்ஜின் மாட்டி 2050 வரைக்கும் ஓட்டப் போறாங்களாம். அந்தக் கணக்கு பாத்தா மலைப்பாத்தான் இருக்கு. ஆனா பி-52னு சொன்னாலே எனக்கு லாவோஸ் ஞாபகம் வந்துடுது, என்ன பண்றது. 1964லேர்ந்து 1973 வரைக்கும் அந்தச் சின்ன நாட்டு மேல பி-52வும் மத்த அமெரிக்க விமானங்களும் சேந்து 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டுச்சு, வெடிக்காமக் கெடந்தது இன்னிக்கும் வயல்ல வெடிக்குது. குண்டுவீச்சு விமானத்த ரசிக்கறவன் இதப் பேசக்கூடாதுன்னு எழுதாத சட்டம் ஒண்ணு நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, பேசினா மூட் அவுட் பண்றான்ம்பானுங்க. ரசிக்கறதுன்னா அதையும் சேத்துத் தெரிஞ்சுட்டு ரசிக்கணும், இல்லேன்னா பொம்மை கார் வெச்சு வெளையாடற குழந்தைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்.

சரி லிபரேட்டருக்கு வரேன்.

அழகுன்னு பாத்தா நான் வாயத் திறக்க முடியாது. பெட்டி மாதிரி உடம்பு, பின்னாடி ரெண்டு பக்கமும் முறத்த நட்டு வெச்ச மாதிரி வாலு, தரையில நிக்கும்போது வயிறு கிட்டத்தட்ட மண்ணுல உரசற மாதிரி தொங்கும். இதோட போட்டியா இருந்த பி-17 ஓட்டுன பசங்க, "எங்க விமானத்த பார்சல் பண்ணி அனுப்புன மரப்பெட்டிதான் பி-24"ன்னு கிண்டல் அடிப்பாங்களாம். ஓட்டறதும் சுலபம் இல்ல, கையால மல்லுக்கட்டித் திருப்பணும், மேல கூட்டமா நெருக்கிப் பறக்கும்போது நாலஞ்சு மணி நேரத்துல பைலட்டுக்குத் தோள்பட்டை கழண்டுடும். உள்ள பெட்ரோல் வாடை அடிக்கும். குண்டு அறைக்கு நடுவுல முன்னாடி பின்னாடி போறதுக்கு ஒரு ஜாண் சொச்சம் அகலத்துல ஒரு தகடு, பாராசூட்டையும் மாட்டிட்டு அதுல நடந்து பாருங்க. அடிபட்டா வெளிய வர்றது கஷ்டம்னு பறக்கும் சவப்பெட்டின்னே பேரு.

அப்பறம் எதுக்குடா புடிக்குதுன்னா, அந்த றெக்கை. டேவிஸ்னு ஒருத்தர் போட்ட டிசைன், ஒல்லியா நீளமா 33 மீட்டருக்கு இருக்கும், அதனால அந்தக் காலத்து மத்த குண்டுவீச்சு விமானத்த விட ரொம்ப தூரம் போகும். குண்டு அறைக் கதவு வெளிப்பக்கமாத் திறக்காது, நம்ம மளிகைக் கடை ஷட்டர் மாதிரி ரெண்டு பக்கமும் உருண்டு மேல ஏறிக்கும், அதனால திறந்து வெச்சாலும் காத்து அவ்வளவா இழுக்காது. அத யோசிச்ச இன்ஜினியருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் குடுக்கணும் போல இருக்கும் எனக்கு. அப்பறம் எண்ணிக்கை. 18,000க்கும் மேல செஞ்சாங்க, உலகத்துல வேற எந்தக் குண்டுவீச்சு விமானமும் இந்த அளவு செஞ்சதில்ல. மிஷிகன்ல வில்லோ ரன்னுங்கற இடத்துல ஃபோர்டு கம்பெனி கார் செய்யற மாதிரியே இதுக்கு ஒரு ஃபேக்டரி போட்டுச்சு, ஆரம்பத்துல ஒண்ணும் ஒழுங்கா வரல, ஊரே சிரிச்சுது, ஆனா 1944ல மணிக்கு ஒண்ணுன்னு வெளிய தள்ளுனாங்க. நாம ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கறதுக்குள்ள எட்டு குண்டுவீச்சு விமானம்.

வரலாறு எழுதறவங்க இதப் பத்திச் சொன்னா 1943 ஆகஸ்ட் 1 ப்ளோயெஷ்டி தாக்குதல்லதான் ஆரம்பிப்பாங்க. லிபியாவுல பெங்காசி பக்கத்துலேர்ந்து 170க்கும் மேல லிபரேட்டர் கெளம்பி ருமேனியாவுல எண்ணெய் ஆலைங்க மேல மரத்து உயரத்துல பறந்து போச்சு, அதுல 54 திரும்பி வரல. வீரம்தான், ஆனா எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியறது அட்லாண்டிக் கதை. கடலுக்கு நடுவுல எந்தப் பக்கத்துலேர்ந்தும் விமானம் எட்டாத ஒரு பகுதி இருந்துச்சு, ஜெர்மன் நீர்மூழ்கிங்க அங்க உக்காந்துட்டு சரக்குக் கப்பல ஒவ்வொண்ணா முழுங்கிட்டு இருந்துச்சு. 1943ல அந்த இடத்துக்குப் பறந்து போயி சுத்திச் சுத்திக் காவல் காக்க முடிஞ்ச விமானம் லிபரேட்டர்தான்.

இப்ப நான் நின்னுட்டு இருந்த எடத்துக்கு வாங்க. பரங்கிமலை மேலேர்ந்து பாக்குற அதே ரன்வே இருக்கே, அப்ப அதுக்கு செயின்ட் தாமஸ் மவுண்ட் ஏரோட்ரோம்னு பேரு, 1944ல பிரிட்டிஷ் விமானப்படையோட 200வது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, லிபரேட்டரோட அங்கதான் வந்து எறங்கி வங்கக் கடல்ல ஜப்பான் நீர்மூழ்கி இருக்கான்னு தேடிட்டு இருந்துச்சு. இலங்கையில சிகிரியா, மின்னேரியா, நம்ம யாழ்ப்பாணத்துப் பலாலி, அத அப்ப காங்கேசன்துறைன்னு சொல்லுவாங்க, அங்கல்லாமும் இதே லிபரேட்டர்தான். மின்னேரியாலேர்ந்து 1945ல சிங்கப்பூர் வரைக்கும் போயி தண்ணில கண்ணிவெடி போட்டுட்டுத் திரும்பி வந்துருக்காங்க, ஒரு நாளுல முக்காவாசிக்கு மேல ஆகாயத்துலயே, நடுவுல எங்கயும் இறங்காம. இத அந்த மூணு பேருகிட்ட சொன்னப்ப ஒருத்தன் கீழ ரன்வேயப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் பேசல. அது எனக்கு ஒரு சின்ன வெற்றி.

ஆனா நான் ஓட்டுப் போட்டது இதுக்கெல்லாம் இல்ல.

போர் முடிஞ்சுது. லிபரேட்டருங்க அமெரிக்கா கடனாக் குடுத்த சரக்கு, ஒண்ணு திருப்பிக் குடுக்கணும் இல்ல அழிக்கணும். கொண்டு போறதுக்குக் காசும் இல்ல, வேணும்னு கேக்க ஆளும் இல்ல. கான்பூர்ல சக்கேரி டிப்போவுல டஜன் கணக்குல கொண்டு வந்து வரிசையா நிறுத்தி பிரிட்டிஷ்காரங்க வேலைய ஆரம்பிச்சாங்க. நாம பேச்சுக்கு "மண்ணள்ளிப் போட்டுட்டான்"னு சொல்லுவோம்ல, அவங்க நெஜமாவே இன்ஜினுக்குள்ள மண்ணள்ளிப் போட்டாங்க. பாடியில ஓட்டை, கருவி எல்லாம் உடைச்சாச்சு, மழையிலயும் வெயில்லயும் போட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே எவனும் இத ஓட்டக்கூடாதுங்கறதுதான் நோக்கம்.

1948ல புதுசா பொறந்த நாட்டுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் வேணும், வாங்கக் காசு இல்ல. அப்ப இந்தக் குப்பைமேட்டு மேல கண்ணு போச்சு. வெளிநாட்டு ஆளுங்க பாத்துட்டு இது தேறாதுன்னுட்டாங்க. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆளுங்க, இன்னிக்கு எச்ஏஎல்னு சொல்றமே அதேதான், போயிப் பாத்துட்டு தேத்தலாம்னாங்க. இது வாய்ச்சவடால் இல்ல, போர் நடக்கும்போது அமெரிக்க விமானங்களுக்கு ரிப்பேர் பாத்ததே பெங்களூர் பட்டறைதான், அவங்களுக்கு அந்த நட்டு போல்டு எல்லாம் கை பழக்கம். அதுல கொஞ்சம் இதுல கொஞ்சம்னு கழட்டி, இதுல இன்ஜின் அதுல வாலுன்னு மாத்தி மாட்டி, எப்படியோ பறக்கற அளவுக்கு ஒட்டுப்போட்டு ஒவ்வொண்ணா கான்பூர்லேர்ந்து பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தாங்க. அப்படி ஓட்டிட்டு வந்தவரு அந்தக் கம்பெனியோட டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி. நீங்களே யோசிங்க, மண்ணள்ளிக் கொட்டிக் கெடந்த நாலு இன்ஜின், அத நம்பி காட்டு மேலயும் மலை மேலயும் ஆயிரம் மைல் கிட்ட. நான் சர்வீஸ் விட்டு எடுத்த பைக்க நம்பி தாம்பரம் தாண்ட மாட்டேன்.

பெங்களூர்ல முழுசாப் பிரிச்சு மேஞ்சு சரி பண்ணி அனுப்புனாங்க, மொத்தம் 42. 1948 நவம்பர்ல 5வது ஸ்குவாட்ரன் இத வெச்சே ஆரம்பமாச்சு, நம்ம விமானப்படைக்கு முதல் கனரகக் குண்டுவீச்சுப் படை அதுதான். அப்பறம் ஜெட் கான்பெரா வந்துச்சு, குண்டு போடற வேலை அதுக்குப் போச்சு, லிபரேட்டர் கடல் ரோந்துக்கு மாறி 6வது ஸ்குவாட்ரன்ல 1968 வரைக்கும் ஓடுச்சு. உலகமே இத உருக்கி அலுமினியப் பாத்திரம் ஆக்குன பிறகு இருபது வருஷம். நம்ம வீட்டுல பழைய மிக்ஸிய மூணு தடவ காயில் மாத்தி ஓட்டுவோமே அதே புத்திதான், கொஞ்சம் பெரிய அளவுல.

நடுவுல ஒண்ணு, கடல் ரோந்துன்னதும் ஞாபகம் வருது. அரக்கோணத்துல நம்ம கடற்படையோட ராஜாளி தளத்துல டியு-142 இருந்துச்சே, எட்டு விமானம், ரஷ்யாவோட டியு-95 குண்டுவீச்சு விமானத்துக்குப் பங்காளி. ஒரே அச்சுல ரெண்டு ப்ரொப்பெல்லர் எதிரெதிராச் சுத்தும், அது வர்றது தெரிய வானத்தப் பாக்க வேணாம், நெஞ்சுக்குள்ள அதிரும். 2017ல ரிட்டையர் பண்ணிட்டாங்க. எங்க மாமா வீடு அந்தப் பக்கம், ஸ்கூல் லீவுல போறப்ப அந்தச் சத்தத்துக்காகவே மொட்டை மாடியில கெடப்பேன், அத்தை சோறு போட்டு வெச்சுட்டுக் கத்திட்டே இருப்பாங்க. ரெண்டாவது ஓட்டு இருந்தா அதுக்குத்தான்.

லிபரேட்டர நேர்ல பாத்தது டெல்லி பாலம் மியூசியத்துல. ஆஃபீஸ் வேலையாப் போனப்ப மதியம் லீவு சொல்லிட்டு ஓடுனேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் மிக்-21கிட்ட செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க, இதுகிட்ட ஒருத்தரும் இல்ல. நான் குனிஞ்சு அந்த ஷட்டர் கதவப் பாத்தேன், அலுமினியத் தகட்டுல ரிவெட் வரிசையப் பாத்தேன், இதுல எது அமெரிக்காவுல அடிச்சது எது பெங்களூர்ல அடிச்சதுன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணேன், முடியல. செக்யூரிட்டி வந்து ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களான்னு இந்தியில கேட்டாரு.

இன்னிக்கு உலகத்துல முழுசா மிஞ்சி இருக்கற லிபரேட்டருங்களே பத்துப் பதினஞ்சு இருந்தா அதிகம். அதுல அரிசோனாவுல பிமா மியூசியத்துல நிக்கறது, கனடாவுல ஒட்டாவா மியூசியத்துல நிக்கறது, அமெரிக்காவுல காலிங்ஸ் ஃபவுண்டேஷன் ரெடி பண்ணி ஊர் ஊராப் பறக்கவிட்டது, இதெல்லாம் நம்ம விமானப்படைகிட்டேர்ந்து போனது. 18,000 செஞ்சவன்கிட்ட அதிகம் மிஞ்சல, கான்பூர் குப்பைலேர்ந்து பொறுக்குனவன்கிட்ட மிஞ்சுச்சு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது பிரிட்டன்ல இருக்கறது. கேஎன்751ங்கறது அதோட பழைய நம்பர். போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படையோட 99வது ஸ்குவாட்ரன்ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கற கோகோஸ் தீவுலேர்ந்து பறந்தது, அப்பறம் இங்க விட்டுட்டுப் போனது, பெங்களூர்க்காரங்க உயிர் குடுத்து நம்ம விமானப்படையில எச்இ807 ஆச்சு. வேலை எல்லாம் முடிஞ்சு 1974ல அது இங்கேர்ந்து பறந்தே இங்கிலாந்து போச்சு, அவங்க விமானப்படை மியூசியத்துல வெக்கறதுக்கு, நாம குடுத்த அன்பளிப்பா. மண்ணள்ளிப் போட்டவங்க வீட்டு வாசல்லயே போயி சொந்த இன்ஜின்ல எறங்கியிருக்கு.

இத நான் மலை மேல சொல்லி முடிச்சப்ப வல்கன் பார்ட்டி மட்டும், "எல்லாம் சரிடா, ஆனா அந்த ஊளை..."ன்னு இழுத்தான். அதுக்குள்ள கீழ ஒரு ஏ321 இறங்குச்சு, பேச்சு அந்தப் பக்கம் போயிடுச்சு.