கம்பைலர் கையைப் பிடிக்கும் இடம்

"கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறது ரஸ்ட்" என்று நேற்றும் அலுத்துக்கொண்டார் உடன் வேலை செய்யும் மார்த்தாண்டத்து அண்ணன். ரஸ்ட் ஒரு நிரல்மொழி. அதன் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவாக்கும் மென்பொருள்) தான் போடும் கணக்கின் நடுவே அனுமதிப்பதை, அந்தக் கணக்கின் விடையில் மறுக்கிறது என்பது அவர் குறை. பிடிக்க வேண்டிய இடத்தில்தான் பிடித்திருக்கிறது என்பது என் கட்சி.

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடங்களுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி செய்கிறோம். சென்சார் அனுப்பும் தரவு வழியில் கெட்டுவிட்டதா என்று அறிய சிஆர்சி-32 என்ற பிழை சோதிக்கும் முறையின் அட்டவணை வேண்டும். 256 எண்கள், ஆளுக்கு 4 பைட், மொத்தம் 1 கிலோபைட். 2020இல் வந்த ரஸ்ட் 1.46 பதிப்பு, கம்பைல் நேரத்திலேயே ஓடக்கூடிய கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் வைல் லூப்பை (திரும்பத் திரும்பச் சுற்றும் கட்டளையை) அனுமதித்ததிலிருந்தே இதைக் கம்பைலரே கணக்கிட்டுத் தந்துவிடும். ஆனால் 'இதை நிரப்பிக் கொடு' என்று அட்டவணையை இன்னொரு ஃபங்ஷனிடம் நீட்ட முடியாமல் இருந்தது. முழு அர்ரேயையும் (எண் வரிசையையும்) அனுப்பி முழுதாகவே திரும்ப வாங்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.83தான், மாற்றக்கூடிய ரெஃபரன்ஸை (நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டி, அதை மாற்றவும் விடுவதை) அங்கே அனுமதித்து, இந்தச் சுமையை இறக்கியது. (அண்ணன் வழி வேறு: பைத்தானில் எண்களை உருவாக்கி ஒட்டிவிடுவார். அந்த ஸ்கிரிப்ட் இப்போது எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.)

அவருடைய கோபம் இன்னொன்றில். கணக்கு முடிந்தபின் கான்ஸ்டின் (பெயர் சூட்டிய மாறாத மதிப்பின்) இறுதி மதிப்பாக அந்த ரெஃபரன்ஸே நின்றால் கம்பைலர் மறுத்துவிடுகிறது. மறுக்காமல் என்ன செய்யும்? கான்ஸ்டுக்கென்று நிலையான முகவரி கிடையாது. பயன்படுத்தும் இடத்திலெல்லாம் அதன் மதிப்பு போய் உட்காரும். பத்து இடத்தில் எழுதினால், ஒரே தென்னந்தோப்புக்குப் பத்துப் பேர் தனிப்பட்டா வைத்திருக்கும் கதைதான். மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் உயிரோடிருக்கும்வரை அந்த நினைவகத்தை வேறு யாரும் தொடக் கூடாது என்பது ரஸ்டின் அடிப்படை வாக்கு. அதை விட்டால் பிறகு எதற்கு ரஸ்ட்?

இது ரஸ்டின் கஞ்சத்தனமும் அல்ல. சி++ மொழியின் சி++20 பதிப்பில் கம்பைல் நேரத்தில் நியூ என்ற கட்டளை போட்டு நினைவகம் எடுக்கலாம். அந்தக் கணக்கு முடிவதற்குள் விடுவித்துவிட வேண்டும். ஜிக் மொழியும் 2024இல் 0.12 பதிப்பில், கம்பைல் நேர மாறிகளின் பாயிண்டர் (முகவரிச் சுட்டி) நிரல் ஓடும் நேரத்துக்குக் கசியக் கூடாது என்று கட்டிவிட்டது. நிரல் ஓடும்போது மாற்றத்தான் வேண்டுமென்றால் நிலையான முகவரியுள்ள ஸ்டாட்டிக் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி அதற்குப் பூட்டும் இருக்கிறது.

சண்டை போடுவதென்றால் ஃபார் லூப்புக்காக அண்ணனோடு சேர்ந்து நானும் வருகிறேன். அது ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் டிரெய்ட்டை நம்பியிருப்பதால் 1.83இலும் கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் வரவில்லை. 256 சுற்றுக்கு வைல் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கையால் கூட்டிக்கொண்டிருப்பது எரிச்சலான வேலை.