தி.நகர் எந்தத் தியாகராயர்?
சென்னை தி.நகருக்குத் திருவையாறு தியாகராஜ சுவாமிகளின் பெயர் வைத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார், சிலர் ஆமோதித்தும் இருக்கிறார்கள். அது நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயருங்க. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு அது. சரிபார்க்க நூலகமெல்லாம் வேண்டாம், ஒரு நடை போய் வந்தாலே போதும். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை: எல்லாமே அதே கட்சிக்காரர்கள் பெயர். பலகைகளிலும் 'தியாகராய' நகர் என்றுதான் இருக்கும், 'தியாகராஜ' இல்லை. குழப்பம் வருவதிலும் தப்பில்லை; அதே ஊரில் வாணி மகால் அரங்கில் இருக்கும் தியாக பிரம்ம கான சபா என்ற இசை அமைப்புக்குச் சுவாமிகள் பெயர்தான்.