நாலாவது அட்-பேட்டை யாரும் வீடியோ எடுக்கவில்லை

சனிக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "விடுடா, எழுதாத, இன்னும் நாலு பேருக்குத் தெரியும்" என்று அக்காவும் சொன்னாள். ஆனால் நேற்று ராத்திரி அந்த வாட்ஸப் குழுவில் மறுபடியும் அதே வீடியோ, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. எந்த வீடியோ என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் அனுப்பப் போவதில்லை. இங்கே நியூ ஜெர்சியில் பள்ளி பேஸ்பால் ஆடுகிற என் அக்கா மகன், பதினாறு வயதுப் பையன், பேட் பிடிக்கப் போன மூன்று தடவை (அதைத்தான் அட்-பேட் என்பார்கள்) பந்தை அடிக்க முடியாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆகி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலை குனிந்து நடந்து போவதை இன்னும் நூறு பேர் பார்க்க நான் வழி பண்ண மாட்டேன்.

"பலம் இருக்கு, கண்ணு இல்ல." இதுதான் வீடியோ எடுத்த நம்மவர் ஒருவர் அதற்குப் போட்ட தலைப்பு. நாலே வார்த்தை. பையனைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஆள், இதே போனில் எடுத்த இன்னொரு வீடியோவும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பேட்டிங் ப்ராக்டிஸில் அக்கா மகன் அடித்த பந்துகள் இடது பக்க வேலியைத் தாண்டிப் பார்க்கிங்கில் போய் விழுந்தன. "அடுத்த ஆரன் ஜட்ஜ் நம்ம வீட்டுப் பையன்" என்று யாங்கீஸ் அணியின் நட்சத்திர பேட்டர் பெயரை வைத்துப் போட்டார். நீங்களும் இதயம் இதயமாகப் போட்டீர்கள். அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் பார்த்துவிட்டு ஒரு பையனை எழுதாதீர்கள். புகழ்ந்தும் எழுதாதீர்கள், இகழ்ந்தும் எழுதாதீர்கள். திரும்பப் போய்ப் பாருங்கள்.

பேட்டிங் ப்ராக்டிஸில் கோச் மெதுவாக, நேராக, அடிப்பதற்கென்றே பந்து போடுவார். உடம்பில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று மட்டும்தான் அதில் தெரியும். ஆட்டத்தில் எதிரே நிற்கிற பிட்சர், அடிக்க விடக்கூடாது என்று போடுகிறான். மணிக்கு 90 மைலில் வருகிற பந்து பேட்டுக்கு வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அதற்குள் அது நேராக வருகிறதா, கடைசியில் வெளியே ஓடுகிறதா என்று கண்டுபிடித்து, கையை விடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டும். அதனால்தான் அணிகளுக்காக ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகள் பவருக்கே இரண்டு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். வெறும் பலத்துக்கு ஒன்று, அந்த பலம் ஆட்டத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதற்கு ஒன்று. 20லிருந்து 80 வரை போகும் கணக்கு அது, 50 என்றால் அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் சராசரி. அதோடு இன்றைக்கு இப்படி, வளர்ந்தால் எப்படி என்று தனித்தனியாகப் போடுவார்கள். வேலையாகச் செய்கிறவனே இத்தனை கட்டம் போட்டு, அப்படியும் சந்தேகத்தோடு எழுதுகிறான். நம்மவர் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார்.

சரி, ஆரன் ஜட்ஜ் பெயரை இழுத்தீர்களே, அவர் கதையையாவது முழுசாகச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் லிண்டன் என்கிற சின்ன ஊர். 2010இல் ஹைஸ்கூல் முடித்தபோது, வருஷா வருஷம் அணிகள் புதுப் பையன்களை வரிசையாக எடுக்கிற ட்ராஃப்டில், ஓக்லண்ட் அணி அவரை எடுத்தது 31ஆவது சுற்றில். அவர் கையெழுத்துப் போடாமல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்குப் படிக்கப் போனார். 2013இல் யாங்கீஸ் முதல் சுற்றில் 32ஆவதாக எடுத்தது. 2016 ஆகஸ்டில் மேஜர் லீகுக்கு வந்தார். முதல் அட்-பேட்டிலேயே ஹோம் ரன், நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. அந்த சீசனில் மொத்தம் 84 அட்-பேட், அதில் 42 ஸ்ட்ரைக் அவுட். சரிபாதி! அன்றைக்கு அவரை யாராவது போனில் படம் பிடித்து "கண்ணு இல்ல" என்று போட்டிருந்தால் நீங்கள் எல்லாரும் தலையாட்டியிருப்பீர்கள். அடுத்த வருஷம் 52 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். அந்த வருஷமும் 208 ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதையும் சேர்த்தே சொல்கிறேன். 2022இல் 62 ஹோம் ரன்.

இன்னொரு மேஜர் லீக் நட்சத்திரம் மைக் ட்ரவுட் இன்னும் பக்கத்து ஆள். மில்வில், இதே நியூ ஜெர்சி. ஹைஸ்கூலில் உள்வட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிக்கொண்டிருந்து கடைசி வருஷம்தான் வெளிவட்டமான அவுட்ஃபீல்டுக்குப் போனார். மார்ச் மாதம் ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் பையன்கள் வெயிலில் ஆடுகிறார்கள், நம் பையன்கள் ஜிம்முக்குள் வலை கட்டி அடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் வடகிழக்குப் பையன் என்றாலே ஸ்கவுட்டுகளுக்கு ஒரு அரை மனசு. 2009 ட்ராஃப்ட் இதே நியூ ஜெர்சியின் செகாகஸில் ஒரு டிவி ஸ்டூடியோவில் நடந்தது. நேரில் வந்து உட்கார்ந்திருந்த ஒரே பையன் ட்ரவுட்தான். 24 பெயர் வாசிக்கிற வரைக்கும் சூட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். 25ஆவதாக ஏஞ்சல்ஸ் அணி எடுத்தது. அவருக்காக நின்ற ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், ட்ரவுட்டின் அப்பாவோடு மேஜர் லீகுக்குக் கீழே இருக்கிற மைனர் லீகில் ஒன்றாக ஆடியவர். வீட்டைத் தெரியும், அப்பனைத் தெரியும், பையனைத் தெரியும். அதே ட்ராஃப்டில் மூன்றாவதாகப் போனவரும் ஒரு ஹைஸ்கூல் அவுட்ஃபீல்டர்தான், ஜார்ஜியாவின் டொனவன் டேட். சான் டியேகோ அவருக்கு 62.5 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாமலே அவர் பயணம் முடிந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள், கோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வருஷக் கணக்கில் பார்த்தும் இப்படி ஆகிறது. நீங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று அட்-பேட் பார்த்தீர்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் அங்கே இருந்தேன், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரைக்கும்.

குளிர். காற்று நேரே முகத்தில். அலுமினிய பெஞ்சில் உட்கார முடியாமல் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தேன். எதிரணி பிட்சர் அந்த வட்டாரத்திலேயே பேசப்படுகிற பையன். அவனுடைய ஸ்லைடர் வலது கை பேட்டருக்கு நேரே வருகிற மாதிரி வந்து, கடைசி நேரத்தில் கீழே இறங்கி வெளியே ஓடும். நம்ம பையன் அந்த மாதிரிப் பந்தை இந்த வருஷம்தான் பார்க்கவே ஆரம்பித்திருக்கிறான். முதல் மூன்று தடவையும் அதை அடிக்கப் போய்த்தான் அவுட் ஆனான். மறைக்கவில்லை. மூன்றாவது தடவை பேட் கையை விட்டே நழுவப் பார்த்தது. அதோடு நம்மவர் எழுந்து, நாற்காலியை மடக்கி, பையில் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வண்டி வெளியே போவதை நான் பார்த்தேன்.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். அதே பிட்சர். பையன் நாலாவது தடவை வந்து நின்றான். முதல் பந்து அதே ஸ்லைடர், அதே இடம். கை லேசாக அசைந்தது, நின்றுவிட்டது. அடிக்கத் தேவையில்லாத பந்து, பால். இரண்டாவதும் அதே ஸ்லைடர். இந்தத் தடவை தோள்கூட அசையவில்லை, பந்து கேட்சர் கைக்குள் போகும்வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போது என் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. மூன்றாவது பந்து வெளிப்பக்கமாக வந்த ஃபாஸ்ட் பால். இழுத்து அடிக்கவில்லை. வந்த வழியிலேயே வலது பக்கம் விட்டான். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. காய்ந்த விறகு ஒரே போடில் பிளக்கிற மாதிரி இருந்தது. இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே போய் வேலியில் மோதியது. டபுள், ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை.

முதல் பேஸ் பக்கமாக ஒரு வயதான ஸ்கவுட் நின்றிருந்தார். எதிரணி பிட்சரைப் பார்க்க வந்தவர். எல்லாரும் பேட்டர் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் கூடியிருக்க, நம்ம பையன் வரும்போதெல்லாம் அவர் மட்டும் அந்தப் பக்கம் நகர்ந்தார். வலது கை பேட்டரின் முகமும் கையும் அங்கிருந்துதான் தெரியுமாம். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து இரண்டு கேள்வி கேட்டார். பையன் எந்த வகுப்பு? அடுத்த ஆட்டம் எப்போது?

அவ்வளவுதான் கேட்டார். நல்லவன், கெட்டவன், தேறுவான், தேறமாட்டான் என்று ஒரு வார்த்தை இல்லை.

"நீ மாமா, அப்படித்தான் பேசுவ" என்று சொல்வீர்கள். ஆமாம், மாமாதான். மாமா என்பதால்தான் ஏழு இன்னிங்ஸும் நின்றேன்.

"மூணு ஸ்ட்ரைக் அவுட் பொய்யா?" பொய் என்று யார் சொன்னது? ஸ்லைடர் அவனுக்குப் பிரச்சினைதான். வெளிவட்டத்தில் இடது பக்கம், இடது ஃபீல்ட் ஆடுகிறவனுக்கு பேட்தான் சோறு போட வேண்டும், அந்த பேட்டில் ஓட்டை இருந்தால் கஷ்டம்தான். இதை அவனிடம் அவன் கோச் சொல்கிறார், நானும் சொல்கிறேன். அவனிடம் சொல்வது வேறு, நானூறு பேர் இருக்கிற குழுவில் தலைப்புப் போட்டுச் சொல்வது வேறு.

"இதுக்கெல்லாம் வருத்தப்பட்டா பெரிய ஆட்டக்காரனா எப்படி வருவான்?" இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ஆரன் ஜட்ஜுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அவரைத் திட்டுங்கள். இவனுக்கு நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். கல்லூரி கோச்சுகள் ஆள் தேடுகிற நேரம் இது, இந்த வீடியோ கைமாறி அவர்களிடம் போய் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? பெரியவன் ஆகட்டும், அப்புறம் தைரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நமக்கு எதுக்கு பேஸ்பால், படிக்கிற வழியப் பாருங்க." 2023இல் டொரோன்டோ அணி முதல் சுற்றில் 20ஆவதாக எடுத்த அர்ஜுன் நிம்மலா, இந்தியாவிலிருந்து வந்த பெற்றோரின் மகன். பதினேழு வயது. அன்றைக்கு அதே குழுவில் நீங்கள்தான் "பெருமையாக இருக்கிறது" என்று போட்டீர்கள். ஜெயித்து டிவியில் வந்த பிறகு பெருமைப்பட ஆயிரம் பேர் வருவார்கள். ஏப்ரல் மாதக் குளிரில் யார் வந்தார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவி கேட்டாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1996. பாளையங்கோட்டையில் ஒரு கிரிக்கெட் செலக்‌ஷன். அப்பா லீவு போட்டுக் காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். பேட் இரவல், பேடு இரவல். வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு ஆறு பந்து போட்டார்கள். இரண்டைத் தொட முடியவில்லை, ஒன்றில் ஸ்டம்ப் போனது. "அடுத்தவன் வா" என்றார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் நல்ல ஆட்டக்காரனா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. ஏழாவது பந்து போட்டிருந்தால் அதையும் விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அப்பா பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த முகத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானிடம் பார்த்தேன். போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன காபியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு ஒவ்வொரு கமெண்ட்டாகப் படித்திருக்கிறாள். யார் யார் சிரித்தார்கள் என்று அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அதில் மூன்று பேர் அவள் கையால் பொங்கல் சாப்பிட்டவர்கள். அவள் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன்: ஒரு தடவையாவது அந்தப் பையனிடம் நேரில் பேசியிருக்கிறீர்களா? அவன் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து, அதன் மேல் டேப் சுற்றி, அந்த டேப்பும் கறுத்துப் போயிருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் கராஜில், பந்தை நிறுத்தி வைக்கிற டீ என்கிற கம்பத்தில் பந்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். வெளிப்பக்கப் பந்து மட்டும், திரும்பத் திரும்ப. நான் பந்து பொறுக்கிப் போட்டேன். வீடியோவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடிப்பதை நிறுத்தாமலே கேட்டான்:

"மாமா, அந்த டபுள நீங்க எடுத்தீங்களா?"

"இல்லடா. கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு."

"பரவால்ல" என்று அடுத்த பந்தை எடுத்து வைத்தான்.

வீடியோ போட்டவருக்கு: வீடியோவை நீக்கச் சொல்லி இரண்டு தடவை தனியாகச் செய்தி அனுப்பினேன், பார்த்துவிட்டீர்கள், நீல டிக் தெரிகிறது. புதன்கிழமை நாலு மணிக்கு அடுத்த ஆட்டம், அதே மைதானம். மழை வந்தால் வியாழன். அந்த வயதான ஸ்கவுட் வருகிறேன் என்றிருக்கிறார். நீங்களும் வாருங்கள். நாற்காலி கொண்டு வாருங்கள், பெஞ்ச் ஈரமாக இருக்கும். ஏழாவது இன்னிங்ஸ் முடிகிறவரைக்கும் மடக்காதீர்கள்.