விளம்பரத்தில் காட்டிய விளையாட்டு எங்கே?

எல்லா வேலையும் முடிந்தபின் எனக்கென்று மிஞ்சுவது இரவில் அரை மணி நேரம். அந்த நேரத்தில் கைபேசியில் ஏதாவது ஒரு புதிரை அவிழ்ப்பது பல வருடப் பழக்கம். நேற்று அந்த அரை மணி நேரத்தையும், அதற்குமேல் தூக்கத்தில் கொஞ்சத்தையும் என்னிடமிருந்து திருடிவிட்டார்கள். திருடினார்கள் என்றுதான் சொல்வேன். கோபம் ஆறியபின் எழுதலாம் என்று காலைவரை காத்திருந்தேன், ஆறவில்லை.

விளம்பரத்தில் பார்த்தது இதுதான். உடைந்த ஜன்னல் வழியே பனி வீட்டுக்குள் கொட்டுகிறது. ஒரு தாயும் குழந்தையும் மூலையில் ஒடுங்கி நடுங்குகிறார்கள். எதிரே சுத்தியல், பலகை, தீப்பெட்டி என்று மூன்று பொருள்கள். எதை முதலில் எடுப்பது? விளம்பரத்தில் விளையாடுகிற கை தீப்பெட்டியை எடுக்கிறது. மூட்டிய தீயைக் காற்று வந்து அணைக்கிறது. மறுபடியும் அதே தீப்பெட்டி, மறுபடியும் அதே காற்று. குழந்தை நீலம் பாரித்துப்போகிறது. "பலகையை எடு, முதலில் ஜன்னலை அடை!" என்று பார்க்கிறவருக்கு மனம் பதறுகிறது. அப்படிப் பதற வேண்டும் என்பதற்காகவே அந்தக் கையைத் தோற்க வைத்திருக்கிறார்கள். நானும் பதறினேன். நிறுவு என்ற பொத்தானை அழுத்தினேன்.

திறந்தால், ஒரே நிறத்து மணிகளை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டு. தாய் இல்லை, குழந்தை இல்லை, பனி இல்லை. முதல் சில நிலைகள் பழக்கிவிடுவதற்காக இருக்கும், புதிர் பிறகு வரும் என்று பொறுத்துக்கொண்டேன். ஐந்தாம் நிலை போனது, பத்தாம் நிலை போனது. பதினைந்தாம் நிலையில் ஒரு மாளிகைக்குத் திரைச்சீலை நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இருபத்து மூன்றாம் நிலையில் உயிர்கள் தீர்ந்துவிட்டன, காத்திரு அல்லது பணம் கட்டு என்றார்கள். அங்கேதான் அழித்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது.

மணிகளைச் சேர்க்கும் விளையாட்டின்மேல் எனக்குப் பகையில்லை. அதை விரும்பி ஆடுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் ரசனையில் குறையும் இல்லை. அப்படியானால் விளம்பரத்தில் மணிகளையே காட்ட வேண்டியதுதானே? தன் பொருளைக் காட்டத் தயங்கி, இல்லாத பொருளைக் காட்டி வாசலுக்கு இழுத்துவருவதற்கு என்ன பெயர்?

இதன் பின்னால் இருக்கும் கணக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. இலவச விளையாட்டு நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் விளம்பரச் செலவு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அந்தச் செலவு குறையக் குறைய லாபம். அதனால் ஒரே விளையாட்டுக்குப் பத்து, ஐம்பது என்று விளம்பரப் படங்களைத் தயாரித்து ஓடவிடுகிறார்கள். எது அதிக விரல்களை அழுத்த வைக்கிறதோ அதற்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். விளம்பரமும் விளையாட்டும் ஒன்றா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாந்து திரும்பினாலும், தங்கிவிடுகிற சிறு பகுதியினர் செலவழிப்பது போதும்.

சில நிறுவனங்கள் இதையும் தாண்டிப் போகின்றன. விளையாட்டை முழுதாகச் செய்வதற்கு முன்பே சில விநாடிக் காணொளியை விளம்பரமாக விட்டு, எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் அதை உருவாக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். விளையாட்டு பிறப்பதற்கு முன்பே நம் ஆசையை அளந்து முடித்துவிடுகிறார்கள். அளந்தவர்களுக்கு என்ன தெரிகிறது? அந்தத் தாயையும் குழந்தையையும் காப்பாற்ற ஆட்கள் துடிக்கிறார்கள் என்று தெரிகிறது. தெரிந்தும் அந்த விளையாட்டைத் தருவதில்லை. நேற்று என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். எனக்கு என்ன பிடிக்கும் என்பது அவர்களுக்கு என்னைவிடத் துல்லியமாகத் தெரியும், அதைத் தூண்டிலில் மாட்ட மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

இது என் ஒருவனுடைய புலம்பல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2020 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' என்ற இரண்டு விளையாட்டுகளின் விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று தீர்ப்பளித்தது. ஊசிகளை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர்கள் விளம்பரத்தில் இருந்தன. உள்ளே பெரும்பகுதி மணி சேர்க்கும் விளையாட்டு. அத்தகைய புதிர்கள் விளையாட்டில் உண்மையிலேயே இருக்கின்றன என்பது நிறுவனத்தின் வாதம். காட்டியது விளையாட்டின் மையப்பகுதியைப் போல இல்லை என்பது ஆணையத்தின் பதில். எல்லாக் காட்சிகளும் உண்மையான விளையாட்டைக் குறிப்பவை அல்ல என்று விளம்பரத்தில் ஓர் எழுத்து வரி வேறு இருந்தது. அந்த வரி போதாது என்றும் ஆணையம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆண்டுகள் பல ஓடிவிட்டன, ஊசி உருவும் விளம்பரங்கள் என் திரையில் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு நாட்டில் இரண்டு விளம்பரங்களை நிறுத்தினால் உலகத்துக்கே உறைத்துவிடுமா?

விளம்பரத்தை நம்பாதே, செயலிக் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தைப் பார்த்து முடிவெடு என்பார்கள். அங்கே போய்ப் பார்ப்போம்.

முதலில் கண்ணில் படுவது ஐகான். வாயைப் பிளந்து கத்தும் ஒரு முகம். போர் விளையாட்டா, கத்துகிறது. பண்ணை விளையாட்டா, அதிலும் கத்துகிறது. ஒருவருக்குப் பலித்ததை எல்லோரும் நகலெடுத்ததால், ஐகானைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியாத நிலை வந்துவிட்டது.

அடுத்து திரைக்காட்சிப் படங்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் பத்துவரை வைக்கலாம், கூகுளின் பிளே ஸ்டோரில் எட்டுவரை. ஆனால் தேடும்போது முதல் சில படங்கள்தான் கண்ணில் படும், அதைத் தாண்டித் தள்ளிப் பார்க்கிற பொறுமை யாருக்கு? அந்த முதல் படங்கள் பெரும்பாலும் ஓவியர் வரைந்த சுவரொட்டிகள். மேலே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம், நடுவில் பளபளக்கும் நாயகன். விளையாடும்போது திரை எப்படி இருக்கும் என்பதை எங்கேயோ ஆறாவது படத்தில் தேட வேண்டும். செயலி பயன்பாட்டில் இருக்கும்போது எப்படித் தெரியுமோ அதைப் படங்கள் காட்ட வேண்டும், வெறும் தலைப்போவியம் போதாது என்று ஆப்பிளின் விதியிலேயே எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் அதை ஒருமுறை தங்கள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

இந்தப் படங்களும் ஐகானும் எப்படித் தேர்வாகின்றன தெரியுமா? கூகுள் கடையில், இப்போது இருக்கும் வடிவத்தோடு மூன்று மாற்று வடிவங்கள்வரை ஒரே சமயத்தில் வைத்துச் சோதிக்கலாம். 2021 முதல் ஆப்பிளிலும் இந்த வசதி உண்டு. உங்களுக்கு ஒரு படம், எனக்கு வேறொரு படம், எதற்கு விரல் அதிகம் மயங்குகிறதோ அது நிலைக்கும். சோதனை என்பது தவறான காரியமில்லை. நிறுவியவர் செயலியை வைத்துக்கொண்டாரா என்பதையும் கூகுள் கணக்கில் காட்டுகிறது, ஒரே ஒரு நாள் வைத்திருந்தாலே போதும் என்ற அளவுகோலில். ஒரு நாள்! நேற்று இரவு பதினோரு மணிக்கு நிறுவி இன்று இரவுவரை அழிக்க மறந்திருந்தால், நானும் திருப்தியடைந்தவர்கள் பட்டியலில் சேர்ந்திருப்பேன்.

நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் நான் நெடுநாள் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். நாலரை இருந்தால் நம்புவேன். அந்த நாலரை எப்படி விளைகிறது என்று கவனிக்க ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கையும் போயிற்று. கடினமான ஒரு நிலையை வென்று, திரையில் வாணவேடிக்கை வெடிக்கும் அந்த நொடியில் நட்சத்திரம் கேட்பார்கள். தோற்று எரிச்சலில் இருக்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. சிலர் அதற்கும் முன்னால் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். "இந்த விளையாட்டு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" ஆம் என்றால் நேராக நட்சத்திரப் பெட்டி. இல்லை என்றால் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் பெட்டி, அதை நம்மையும் நிறுவனத்தையும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. மகிழ்ந்தவர் குரல் ஊருக்குக் கேட்கும், நொந்தவர் குரல் ஓர் அறைக்குள் அடங்கும். நட்சத்திரப் பெட்டிக்கு முன்னால் இப்படிக் கருத்துக் கேட்கக் கூடாது என்று கூகுளின் வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. கடந்த மாதத்தில் மட்டும் இரண்டு விளையாட்டுகளில் என்னிடம் அப்படிக் கேட்டார்கள்.

பதிவிறக்க அளவைப் பார்த்து முடிவெடுப்பவர்களையும் விட்டுவைக்கவில்லை. கடையில் சிறிய அளவு போட்டிருக்கும். நிறுவித் திறந்தபின் "கூடுதல் கோப்புகளை இறக்குகிறோம்" என்று இன்னொரு பட்டை ஓடத் தொடங்கும், அது முதல் அளவைப்போலப் பல மடங்கு. கைபேசியில் இடம் குறைவாக வைத்துக்கொண்டு, புகைப்படங்களை அழித்து இடம் செய்தவருக்கு அது எப்பேர்ப்பட்ட அவமதிப்பு.

சரி, நண்பர் சொல்லைக் கேட்கலாம் என்றால் அதையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். ஐந்து பேரை அழைத்தால் விளையாட்டுக்குள் செலவழிக்க ஐம்பது ரத்தினம், அழைக்கப்பட்டவர் சேர்ந்தால் இன்னும் ஐம்பது. எட்டு மாதமாகப் பேசாத பழைய நண்பர் ஒருவரிடமிருந்து போன வாரம் செய்தி வந்தது. ஆவலோடு திறந்தேன். ஒரு சுட்டி மட்டும் இருந்தது, கூடவே அந்த விளையாட்டே எழுதிக்கொடுத்த ஒரு வரி. ஒரு மனிதர் இன்னொருவரிடம் "இது நன்றாக இருக்கிறது, ஆடிப் பார்" என்று சொல்வதைவிட நேர்மையான பரிந்துரை உலகத்தில் உண்டா? அந்த வாயையும் கூலிக்குப் பேச வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "இலவசம்தானே, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போ." இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இலவசம் என்பதால்தானே நாம் யோசிக்காமல் அழுத்துகிறோம்? காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் நான்கு விமர்சனம் படிப்போம், ஒரு காணொளி பார்ப்போம், ஒரு நாள் தள்ளிப்போடுவோம். விலை இல்லை என்றவுடன் முடிவு சில விநாடிக்குள் சுருங்கிவிடுகிறது. அந்தச் சில விநாடியை முழுக்கப் பொய்யால் நிரப்பிவிட்டால் நமக்குத் தேர்வு என்று என்ன மிஞ்சுகிறது? எடுத்துக்கொண்டது என் நேரம், என் தரவு, என் கவனம். இவற்றில் எதையும் அழிப்பு பொத்தான் திருப்பித் தராது.

இலவசம் என்ற சொல்லே சரியா என்ற கேள்வியும் புதிதல்ல. உள்ளே பணம் கேட்கும் விளையாட்டுகளை இலவசம் என்று அழைப்பது பற்றி ஐரோப்பிய ஆணையம் கேள்வி எழுப்பியது. அதன்பின் 2014இல் அத்தகைய விளையாட்டுகளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிளும் தன் பொத்தானில் இருந்த இலவசம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'பெறு' என்ற பொருள்படும் சொல்லை வைத்தது. விளம்பரங்கள் உள்ளன என்ற குறிப்பும் பிறகு வந்தது. இவை வந்ததற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்தக் குறிப்புகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக இருக்கின்றன, கத்தும் முகம் மட்டும் பெரிதாக இருக்கிறது. எவ்வளவு விளம்பரம், எந்த நிலையிலிருந்து பணம் கேட்பார்கள், காசு கட்டாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு வரி போட்டால் என்ன? ஒரு மனிதர் முடிவெடுக்கத் தேவையானது அந்த வரிதான். அது எந்தக் கடையிலும் இல்லை.

இப்போதெல்லாம் நட்சத்திரச் சராசரியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கி, ஒன்றும் இரண்டும் கொடுத்தவர்களை வாசிக்கிறேன். கொஞ்சமாவது உண்மை அங்கேதான் இருக்கிறது. நேற்று அவசரத்தில் அதைச் செய்யவில்லை. அழித்தபின் போய்ப் பார்த்தேன். "விளம்பரத்தில் காட்டியது இதில் இல்லை" என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பல மொழிகளில், பல மாதங்களாக, ஒரே வாக்கியம். எல்லோரும் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற வந்தவர்கள்.

நானும் ஒரு நட்சத்திரம் போட்டு அதே வாக்கியத்தை எழுதினேன். இன்று காலை நிறுவனத்திடமிருந்து பதில் வந்திருந்தது: "அன்பான விளையாட்டாளரே, உங்கள் கருத்துக்கு நன்றி. ஐந்து நட்சத்திரம் பெற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" மேலே உள்ளவர்களின் விமர்சனங்களுக்குக் கீழேயும் எழுத்து மாறாமல் அதே பதில்தான் இருந்தது. விளம்பரத்தில் காட்டிய விளையாட்டைக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அதுவரை அந்த ஒற்றை நட்சத்திரம் அங்கேயே இருக்கும்.